சிஸ்டர் பிடிக்கும் வேலை

கவிதா போன் செய்தாள். மயிலாப்பூரில் ஒரு நர்சிங் காலேஜில் நான் அட்டெண்டராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்தவள் கவிதா.

“அண்ணே, சிஸ்டருங்கள எப்படி மடக்குவீங்க? வாட்ஸ்அப்ல அனுப்பிச்சா பாத்துட்டு உட்டுர்றாங்க. ஒருத்தரும் பதில் போட மாட்றாங்க.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அப்படியே எழுதிக் கொடுங்க, காலேஜ் மலரில் போடுகிறோம் என்றாள். நான் படித்தது எட்டாவது. அது தெரிந்தும் கேட்கிறாள் என்றால் மலரில் பக்கம் காலியாக இருக்கிறது என்று அர்த்தம். எழுதுகிறேன்.

மடக்குவது என்று அவள் சொன்னது இதுதான். எங்கள் காலேஜில் மேல்படிப்பு உண்டு. ஏற்கெனவே நர்சாக வேலை பார்த்தவர்கள் வந்து சேருவார்கள். ஐ.சி.யூ.வில் ஒரு நோயாளிக்குத் திடீரென்று முடியாமல் போனால், டாக்டர் வந்து சேருவதற்குள் என்ன செய்ய வேண்டுமோ அதை யோசித்துச் செய்கிற நர்சாக வெளியே போவார்கள். பாடம் காலேஜில். தொழில் ஆஸ்பத்திரியில். அங்கே ஒரு சீனியர் சிஸ்டர் மாணவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லித்தர வேண்டும். அவருக்குப் பேர் பிரிசெப்டர். அவர் பொறுப்பு ஏற்காமல் மாணவி நோயாளியைத் தொடக்கூடாது. தொடாத நாள் படிப்புக் கணக்கில் வராது.

இந்த வேலைக்குத் தனியாகச் சம்பளம் கிடையாது. அதனால் ஆளும் கிடையாது. அதனால்தான் நான்.

சேர்ந்த புதிதில் மணி அடித்தேன், ஃபைல் தூக்கினேன், டீ கொடுத்தேன். அதில் கற்றுக்கொள்ள இருந்ததைச் சீக்கிரமே கற்றுக்கொண்டேன். மீதிக் காலம் அதையே செய்துகொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் பிரின்சிபால் மேடம் கூப்பிட்டார்.

மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரல் உயர்த்த மாட்டார். நிமிர்ந்தும் பார்க்க மாட்டார். எழுதிக்கொண்டே பேசுவார். நாம் சொல்வது பிடிக்கவில்லை என்றால் பேனாவை மூடுவார். அந்த மூடி ‘டக்’ என்னும். அதற்கு மேல் திட்டு கிடையாது. எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம். வீட்டிலும் உண்டு, வெளியிலும் உண்டு. எதுவும் உறைக்காது. அந்த ‘டக்’ உறைக்கும்.

அன்றைக்கு மூடாமலே சொன்னார். அடையாறில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய் சிஸ்டர்களைக் கேட்டுப் பாருங்கள், நீங்கள் போனால் நடக்கும் என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. காலேஜில் இவ்வளவு படித்தவர்கள் இருக்க, நான் போனால் நடக்குமாம். கொஞ்ச நாள் கழித்துத் தோட்டக்காரரிடம் செம்பருத்தியைக் காட்டி இதையே சொன்னார். நீங்க வெச்சா வரும்.

சரி, எப்படியோ எனக்கு வந்தது. தொழில் நுணுக்கம் என்று சில வைத்திருந்தேன். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் போகக் கூடாது. ஒரு சிஸ்டர் இன்னொரு சிஸ்டரிடம் நோயாளியை ஒப்படைக்கிற நேரம் அது. அப்போது சாமியே வந்தாலும் ஓரமாகத்தான் நிற்க வேண்டும். டாக்டர் ரவுண்ட்ஸ் முடிகிற வரைக்கும் போகக் கூடாது. மதியம் நோயாளிகளுக்கு ஆகாரம் கொடுத்துவிட்டுச் சார்ட் எழுத ஆரம்பிப்பார்கள். அதுதான் நேரம். துணி வண்டி பக்கத்தில் நிற்க வேண்டும். கண்ணில் பட வேண்டும், வழியில் படக் கூடாது. கடிதத்தை உடனே எடுக்கக் கூடாது. முதலில் வீட்டு விஷயம். எந்த சிஸ்டர் பிள்ளை பிளஸ் டூ, யார் மாமியாருக்கு முட்டி ஆபரேஷன், எல்லாம் மனதில் இருக்கும். என் பெண் எந்த வகுப்பு என்று கேட்டால் யோசிப்பேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை பிரிசெப்டர்களுக்குப் பாராட்டு விழா. சால்வை, ஷீல்டு, போட்டோ, கேசரி, காபி. சிறப்பு விருந்தினர் பேசுவார். முந்தைய ராத்திரி டூட்டி பார்த்த சிஸ்டர்கள் அப்படியே வந்து முன்வரிசையில் தூங்குவார்கள். சால்வை போர்த்தினால் இன்னும் நன்றாகத் தூக்கம் வரும்.

தட்டில் ஷீல்டு அடுக்குவது என் பொறுப்பு. ஒரு வருஷம் முதல் ஆள் வரவில்லை. அவர் ஷீல்டை எடுத்து வைக்காமல் தட்டைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறிவிட்டேன். அன்றைக்கு எல்லோருக்கும் இன்னொருவர் பேர் போட்ட ஷீல்டு. எல்லோரும் சிரித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒருவரும் பேரைப் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து பெசன்ட் நகர், தி. நகர், ஆதம்பாக்கம் என்று பஸ் ஏறி மாற்றிக் கொடுத்தேன். ஒரு சிஸ்டர் கதவைத் திறந்து, பரவாயில்லை விடுங்க, எதுவா இருந்தா என்ன என்றார். சால்வையைப் பார்த்தேன். மிக்ஸி மேல் போட்டிருந்தார். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். மிக்ஸிக்கு அளவு சரியாக இருக்கிறதே என்றுதான் நினைத்தேன்.

இனி ஸ்டெல்லா சிஸ்டர்.

அந்த வருஷம் செல்வராணி என்று ஒரு மாணவி. கைக்குழந்தையைத் திண்டிவனத்தில் அம்மாவிடம் விட்டுவிட்டுப் படிக்க வந்தவள். மே மாதம் படிப்பு முடித்து வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அதற்கு மேல் பார்த்துக்கொள்ள அம்மாவுக்கு உடம்பு ஒத்துழைக்காது. பாதி நாளில் அவளுடைய பிரிசெப்டர் அயர்லாந்து போய்விட்டார். விசா வந்தது, போனார். யாரைக் குறை சொல்வது. செல்வராணியை ஆஸ்பத்திரியில் உள்ளே விடவில்லை. வேறு பிரிசெப்டர் கிடைக்காவிட்டால் இன்னொரு வருஷம். ஊருக்குப் போனால் குழந்தை இவளைப் பார்த்து அழுகிறதாம், அந்நிய ஆள் என்று.

அந்த ஐ.சி.யூ.வில் மிச்சம் இருந்த சீனியர் ஸ்டெல்லா சிஸ்டர் ஒருவர்தான். நாகர்கோவில்காரர். நோயாளியின் முகத்தைப் பார்த்தே ரத்த அழுத்தம் சொல்வார் என்பார்கள். ஒரு காலத்தில் மாணவிகளை எடுத்திருக்கிறார். பிறகு நிறுத்திவிட்டார். எங்கள் விழாவுக்கும் வருவதில்லை.

முதல் தடவை போனேன். துணி வண்டி பக்கத்தில் நின்றேன். சார்ட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பேனாவால் வாசலைக் காட்டினார். வந்துவிட்டேன்.

அடுத்த தடவை என் நுணுக்கத்தை எடுத்தேன். பையன் பிளஸ் டூ எப்படி எழுதியிருக்கான் சிஸ்டர் என்றேன்.

“அவனுக்குக் கல்யாணம் ஆயிட்டு” என்றார்.

மேடத்திடம் வந்து சொன்னேன். டக்.

கடைசியில் செல்வராணியையே கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்தேன். பெண்ணைப் பார்த்தால் மனம் இரங்கும் என்று கணக்கு. பஸ்ஸில் அவளுக்குப் பாடம் எடுத்தேன். நீ வாயைத் திறக்காதே. சிஸ்டர் என்ன சொன்னாலும் தலையை ஆட்டு. தெரிந்த மாதிரி பேசுகிற பெண்களை சீனியர்களுக்குப் பிடிக்காது. அவள் தலையை ஆட்டினாள். நல்ல மாணவி.

எனக்குச் சர்க்கரை உண்டு. வீடு பெரும்பாக்கம். ஆற்றோரத்திலிருந்து அரசாங்கம் எங்களைக் கொண்டுபோய் வைத்த இடம். காலையில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன். சாப்பாடு அப்புறம். அன்றைக்கு அந்த அப்புறம் வரவில்லை. மதியம் ஐ.சி.யூ. வாசலில் நின்றபோது வேர்த்தது. ஏ.சி. வேலை செய்யவில்லை போல என்று நினைத்தேன்.

இனி நடந்தது எனக்குத் தெரியாது. செல்வராணி சொன்னது. பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். இன்னும் சொல்கிறார்கள்.

ஸ்டெல்லா சிஸ்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். நான் அவரைப் பார்த்தேனாம். என் வீட்டுக்காரி பேர் அஞ்சலை.

“இன்னாமே அஞ்சல, எம்மா நேரமா நிக்க வெச்சிக்கினு கீற? சோத்தப் போடு.”

செக்யூரிட்டி ஓடி வந்தான். குடித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று சட்டையைப் பிடித்தான். சிஸ்டர் அவன் கையைத் தட்டிவிட்டார். என் முகத்தைப் பார்த்தார். கழுத்தில் கை வைத்துப் பார்த்தார். சட்டை நனைந்திருந்தது. அதற்குள் நான் சுவரோடு சரிந்து உட்கார்ந்து, உட்கார்ந்ததிலிருந்து படுத்தும்விட்டேன்.

சிஸ்டர் ஸ்ட்ரெச்சர் கொண்டுவரச் சொல்லிவிட்டுச் செல்வராணியைப் பார்த்தார்.

“முதல்ல என்ன பாப்பே?”

செல்வராணி தலையை ஆட்டினாள்.

“உன்னத்தான் கேக்கேன். என்ன பாப்பே?”

மறுபடி ஆட்டினாள்.

“தலையாட்டவா மேல்படிப்பு? வாயத் தொற.”

செல்வராணி தரையில் கிடந்த என்னைப் பார்த்தாளாம். “அண்ணன்தான் சிஸ்டர் பேசக்கூடாதுன்னு சொன்னாரு.”

“அவரு இனி கொஞ்ச நேரத்துக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நீ சொல்லு.”

அப்புறம் அவள் பேசினாள். அடைத்த குழாய் திறந்த மாதிரி. மூச்சு பார்க்கணும், கூப்பிட்டால் முழிக்கிறாரா பார்க்கணும், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கணும், சர்க்கரை மாத்திரை போட்டவர், பஸ்ஸில் வரும்போதே சாப்பிடலை என்று சொன்னார். செக்யூரிட்டிக்கு இப்போது இரக்கம் வந்துவிட்டது. பழரசப் பாட்டிலைத் திறந்துகொண்டு என் வாய்ப்பக்கம் குனிந்தான். சிஸ்டர் அவனைத் தடுக்கவில்லை. செல்வராணியைத்தான் பார்த்தார்.

“ஊத்தலாமா?”

“கூடாது சிஸ்டர். முழிப்பு இல்ல. மூச்சுக்குழாய்க்குப் போயிடும்.” சொல்லிக்கொண்டே பாட்டிலைப் பிடுங்கிவிட்டாள். “ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். நரம்புல குளுக்கோஸ் ஏத்தணும்.”

உள்ளே ஒரு காலிக் கட்டில். விரலில் குத்தினார்கள். சர்க்கரை ரொம்பக் கீழே. செல்வராணி என் கையில் கட்டுக் கட்டி நரம்பு தேடும்போது டியூட்டி டாக்டர் வந்தார். அவள் போட்டிருந்த காலேஜ் கோட்டைப் பார்த்தார். இந்தப் பெண் யார், யார் பொறுப்பில் நோயாளியைத் தொடுகிறாள் என்று கேட்டார். சரியான கேள்வி. செல்வராணியின் கை நின்றுவிட்டது.

“என் பொறுப்பு டாக்டர்” என்றார் ஸ்டெல்லா சிஸ்டர். “நீ ஊசிய எடு.”

முதல் தடவையே நரம்பு கிடைத்துவிட்டது என்று செல்வராணி சொன்னாள். என் கையில் இன்னொரு குத்தும் இருந்தது. நான் கேட்கவில்லை.

கண் விழித்தபோது மேலே பாட்டில் தொங்கியது. ஸ்டெல்லா சிஸ்டர் பக்கத்தில் நின்று சொட்டு சரி செய்துகொண்டிருந்தார். நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்கவில்லை. வந்த வேலைதான் ஞாபகம் வந்தது.

“சிஸ்டர், அந்தப் பொண்ணு...”

“டாக்டர் கேட்டாரேன்னு சொன்னேன். அது அந்த நேரத்துக்கு. நாளைக்கு வரச் சொல்லாதீங்க.”

என் கையில் இருந்த நுணுக்கம் எல்லாம் தீர்ந்துவிட்டது. எழுந்து துணி வண்டி பக்கத்தில் நிற்கவும் முடியாது. வேறு எதுவும் தோன்றாமல்தான் கேட்டேன்.

“ஏன் சிஸ்டர் வேணாம்ன்றீங்க?”

அவர் சொட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு திறந்துவிட்டார்.

“இத்தன வருஷமா உங்க காலேஜ்ல இருந்து முடியுமா முடியுமான்னு ஆளு வருது. ஏன் முடியலன்னு இன்னைக்குத்தான் ஒருத்தர் கேக்காரு. அதுவும் படுத்துக்கிட்டு.”

சொன்னார். அவர் கையில் வென்டிலேட்டர் போட்ட நோயாளிகள் இரண்டு பேர். மாணவி வந்தால் அவளையும் பார்க்க வேண்டும். பக்கத்தில் நின்று கேள்வி கேட்க வேண்டும், அவள் யோசிக்கிறவரை பொறுக்க வேண்டும், தப்பாகக் கை போகுமுன் பிடிக்க வேண்டும். அது ஒரு நோயாளி அளவு வேலை. ஆனால் மேலே இருப்பவர்கள் கணக்கு வேறு. மாணவி வந்தால் உனக்கு ஒரு கை கூடிவிட்டது என்பார்கள். கூட இருக்கும் நர்சைத் தூக்கி வேறு வார்டில் போடுவார்கள். மாணவி சாம்பிள் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடுவாள். இவருக்குச் சொல்லிக்கொடுக்க நேரமும் இருக்காது, ஆளும் இருக்காது. போன தடவை எடுத்த பெண் ஒன்றும் கற்றுக்கொள்ளாமலே போனாள். அதற்கு இவர் மனசு கேட்கவில்லை. நிறுத்திவிட்டார்.

“வருஷக் கடைசில நீங்க சால்வயத் தூக்கிட்டு வாறீங்க. எனக்கு எதுக்கு? ஐ.சி.யூ. குளிருக்குப் போத்திக்கவா?”

சால்வையைத் தேர்ந்தெடுக்கத் தி. நகர் கடை கடையாக ஏறி இறங்கியவன் நான். கலர் கூடப் பார்த்துப் பார்த்து எடுப்பேன்.

அப்போதுதான் பார்த்தேன், கால்மாட்டில் மேடம் நின்றுகொண்டிருந்தார். செல்வராணி போன் செய்திருக்கிறாள். ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். கையில் அவருடைய மதியச் சாப்பாட்டு டப்பா. எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. பதறினால்தான் அவர் வீட்டுப் பேச்சு வெளியே வரும். அன்றைக்கு வந்தது.

“சாப்டாம மாத்திரை போட்டுண்டு வருவாளோ யாராவது? ஆத்துல உங்களுக்குச் சொல்ல ஆளில்லையா?”

டப்பாவைச் செல்வராணியிடம் கொடுத்தார். தயிர்சாதம். பிறகு ஸ்டெல்லா சிஸ்டரைப் பார்த்து, நர்சிங் சூப்பரின்டென்டென்ட் ரூம் எது என்று மட்டும் கேட்டார். போனார்.

திரும்பி வர நேரம் ஆனது. தயிர்சாதம் முழுவதும் நானே தின்றுவிட்டேன். மேடம் அன்று மதியம் பட்டினி என்பது அப்புறம்தான் உறைத்தது.

சூப்பரின்டென்டென்டிடம் மேடம் பேசி முடித்தது இவ்வளவுதான். மாணவி வருகிற நாளில் ஸ்டெல்லா சிஸ்டருக்கு ஒரு நோயாளி குறைவு. கூட இருக்கும் நர்சை எடுக்கக் கூடாது. மாணவி லேபுக்கு ஓடக் கூடாது. பதிலுக்கு எங்கள் காலேஜ் டீச்சர்கள் வாரம் ஒரு தடவை வந்து அங்கே புதிதாகச் சேர்ந்த நர்சுகளுக்கு வகுப்பு எடுப்பார்கள். அவ்வளவு சுலபம். இத்தனை வருஷம் நான் ஏறிய பஸ்ஸெல்லாம் வீண். மேடமும் அதை நினைத்திருப்பார். பேனா கையில் இல்லாததால் சத்தம் கேட்கவில்லை.

ஸ்டெல்லா சிஸ்டர் உடனே சரி என்று சொல்லவில்லை. மேடை ஏறச் சொல்லக் கூடாது என்றார். மேடம் சம்மதித்தார். பிறகு செல்வராணியிடம், “காலைல ஷிஃப்ட் மாறுறதுக்கு முன்னாடி வந்து நில்லு. பேசுறதுக்குத் தயாரா வா” என்றார்.

அடுத்த வருஷம் வேறு ஆஸ்பத்திரி சிஸ்டர்கள் அவர்களாகவே போன் செய்தார்கள். எங்களுக்கும் ஒரு நோயாளி குறைப்பீர்களா, குறைத்தால் நாங்கள் எடுக்கிறோம் என்று. சில இடங்களில் நடந்தது. சில இடங்களில் நடக்கவில்லை. நடந்த இடத்துக்கெல்லாம் நான் போக வேண்டியிருக்கவில்லை.

ஆக, கவிதா, நுணுக்கம் கேட்டாயே. இதுதான். ஏன் முடியவில்லை என்று கேள். கேட்டதை மேடத்திடம் சொல். படுத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும் என்றில்லை. நின்றுகொண்டும் கேட்கலாம்.

செல்வராணி பாஸ் செய்தாளா என்று கேட்பார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசிப் பரீட்சையில் ஒரு நோயாளியைப் பற்றிப் பேச வேண்டும். எங்கள் செமினார் ஹாலில். வெளியூரிலிருந்து வந்த பரீட்சைக்காரர், டீச்சர்கள், பிரிசெப்டர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நான் டீ ட்ரேயோடு பின்னால் நிற்பேன். பேச்சு இங்கிலீஷில்தான். அந்த ஹாலில் இத்தனை வருஷம் டீ கொடுத்தவனுக்கு அவ்வளவு இங்கிலீஷ் புரியும்.

செல்வராணி எழுந்தாள். பேர் சொல்லக் கூடாது, விதி. ஆண். ஐம்பது தாண்டியவர். சர்க்கரை உண்டு. சாப்பிடாமல் மாத்திரை போடுவார். தூரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். இவ்வளவு சொல்லியும் எனக்கு உறைக்கவில்லை. யாரோ பாவம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மயக்கத்தில் எதிரே நின்ற சிஸ்டரை மனைவி என்று நினைத்துச் சோறு கேட்டார் என்றாள். ஹால் சிரித்தது. ட்ரே ஆடியது.

குரல் நடுங்காமல் முடித்தாள். பரீட்சைக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நோயாளி இப்போது எப்படி இருக்கிறார், திருந்தினாரா?

செல்வராணி என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். அவள் அதைச் சட்டை செய்யவில்லை. தமிழுக்கு மாறிவிட்டாள்.

“அவரையே கேளுங்க சார். டீயோட நிக்கிறாரு.”

எல்லாத் தலையும் திரும்பியது. முன்வரிசையில் ஸ்டெல்லா சிஸ்டர் மட்டும் திரும்பவில்லை. “இன்னைக்குக் காலைல என்ன சாப்ட்டீங்க?” என்றார்.

“இட்லி சிஸ்டர்.”

“செல்வராணி. முகத்தப் பாத்துச் சொல்லு.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள். ட்ரே பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

“சாப்பிடல சிஸ்டர்.”

பரீட்சைக்காரர் எதையோ எழுதினார். எழுதிய வேகத்திலேயே தெரிந்துவிட்டது, அவள் பாஸ். என்னை ஹால் நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். யாரோ பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார்கள். மேடம் வந்து என் கையிலிருந்த ட்ரேயை வாங்கிக்கொண்டு போய் எல்லோருக்கும் டீ கொடுத்தார்.

மே மாதம் செல்வராணி திண்டிவனம் போனாள். குழந்தை முதல் நாள் அழுததாம். மறுநாள் காலையில் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லையாம்.